எந்த வீட்டை நாங்கள் திரும்பக் கட்டுவது?

பெட்டிமுடி நிலச்சரிவில் செத்தவர்களுக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதோம். வீடு போச்சே என்று அழ மட்டும் எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த வீடு எங்களுடையதே இல்லை. மண்ணுக்கடியில் போன நான்கு லயங்களும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும், தோட்டத்தின் சொத்து. தலைமுறை தலைமுறையாக இந்த மாதிரி அறைகளில்தான் பிறக்கிறோம், அதே அடுப்பில் கஞ்சி காய்ச்சுகிறோம், செத்தால் அதே வாசலில் கிடத்துகிறார்கள். ஆனாலும் அந்தச் சுவரில் ஒரு கல்லுக்குக்கூட நாங்கள் உரிமைக்காரர்கள் இல்லை. பேரிடர் முடிந்தபின் அதிகாரிகள் வந்து "மறுவாழ்வு", "மறுகட்டுமானம்" என்று பேசினார்கள். எதை மறுபடி கட்டுவது ஐயா? முதல் தடவையே எங்களுக்கென்று யாரும் எதையும் கட்டவில்லையே!

நான் மூணாறு மலையில் ஒரு லயத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தாள். எழுதத் தெரிந்த ஒரே காரணத்தால் இதை நான் எழுதுகிறேன். எழுதத் தெரியாதவர்களின் வயிற்றெரிச்சல் இதைவிடப் பெரியது.

2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம், அதனால் பிள்ளைகள் எல்லாம் வீட்டில். ராஜமலைக்கு மேலே, நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த பெட்டிமுடியில், இரவு பத்தே முக்கால் மணி வாக்கில் மலை பிளந்து இறங்கியது. அந்த நான்கு லயங்களில் இருந்தவர்கள் 82 பேர். தப்பியவர்கள் 12 பேர். செத்தவர்கள் 70 பேர். அவர்களில் 66 பேரின் உடல் கிடைத்தது, நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்த உடல்களிலும் பல, ஆற்றோடு கிலோமீட்டர் கணக்கில் போய்க் காட்டுக்குள் பாறை இடுக்கிலிருந்து எடுக்கப்பட்டவை.

மலை விழுந்தது இரவில். உலகத்துக்குத் தெரிந்தது மறுநாள் காலையில். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மேல் லயத்துக்காரர்கள் டார்ச் வெளிச்சத்தில் வெறுங்கையால் சேற்றைத் தோண்டினார்கள். சிலர் கொட்டுகிற மழையில் கீழே ராஜமலைக்கு ஓடிப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சரி, சேதி போய்ச் சேர்ந்தது, ஆம்புலன்ஸ் வர வேண்டாமா? மூணாறிலிருந்து வரும் சாலையில் பெரியவரைப் பாலம் 2018 வெள்ளத்திலேயே உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் போட்ட தற்காலிகப் பாலத்தையும் அந்த வார மழை கொண்டுபோயிருந்தது. இரண்டு மழைக்காலம் போயும் ஒரு பாலம் கட்டி முடியவில்லை. அதே சாலையில் இரவிகுளத்தில் வரையாடு பார்க்க வருஷத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். காலையில் வந்து சாயங்காலம் போகிறவர்களுக்கு அது காட்சி. ராத்திரியில் அங்கே இருப்பவர்கள் நாங்கள்.

மறுநாள், ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு, கோழிக்கோடு விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பிள்ளைகள்தான், அவர்கள் அம்மாக்களும் அம்மாக்கள்தான், அவர்கள் மேல் எங்களுக்கு எந்தக் காய்ச்சலும் இல்லை. ஆனால் கேரள அரசு அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது. எங்களுக்கு ஐந்து லட்சம். முதலமைச்சரும் ஆளுநரும் கோழிக்கோட்டுக்கு மறுநாளே போனார்கள். பெட்டிமுடிக்கு வந்தது ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஒரு வாரம் கழித்து. கேட்டால் காரணம் சொன்னார்கள்: மழை, ஹெலிகாப்டர் இறங்க முடியாது, இது முதல்கட்டத் தொகைதான். எல்லாக் காரணத்தையும் கேட்டுக்கொண்டோம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரே மாநிலம், ஒரே அரசு, ஒரு நாள் இடைவெளி. எங்கள் உயிருக்குப் பாதி விலை என்று எந்தக் கணக்கில் வந்தது? விமானத்தில் ஏறாததுதான் எங்கள் குற்றமா?

அந்த நாட்களில் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒரு நாயின் படம் இருக்கும். புதைந்துபோன குழந்தையை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துக் கொடுத்த நாய். அந்த வாயில்லா ஜீவனின் பாசத்தை நாங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதைப் பின்னால் ஒரு போலீஸ்காரர் எடுத்து வளர்த்தார் என்று படித்தபோது சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தக் குழந்தை ஏன் ஓடையோரத்தில், மலைச் சரிவின் அடியில் படுத்துத் தூங்க வேண்டியிருந்தது என்று அத்தனை உருக்கத்தோடு யார் எழுதினார்கள்?

ஏன் அங்கே தூங்கியது என்று நான் சொல்கிறேன். லயத்துக்கு இடம் பார்த்தது நாங்கள் இல்லை. எந்த மலைத் தோட்டத்துக்கும் போய் நிமிர்ந்து பாருங்கள். துரை பங்களா மேட்டில் இருக்கும், காற்றும் வெளிச்சமும் பார்வையும் உள்ள இடத்தில். கூலி லயம் பள்ளத்தில், தண்ணீர் கிட்டத்தில் கிடைக்கும் ஓடைப் பக்கத்தில், தேயிலைக்கு ஆகாத துண்டு நிலத்தில் இருக்கும். நல்ல மண்ணில் வீடு கட்டினால் அத்தனை செடி குறையும் அல்லவா? வெள்ளைக்காரன் காலத்தில் அவன் வசதிக்குப் போட்ட கோடு அது. அவன் போன பிறகும் அந்தக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. அன்று ஓடை எங்கே குடிதண்ணீர் கொடுத்ததோ, இன்று அங்கேதான் மலை இறங்குகிறது.

இனி சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எங்கள் தலையெழுத்து அதில்தான் எழுதப்பட்டது.

கேரளத்தின் நிலச் சீர்திருத்தத்தை நாடே மெச்சுகிறது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகைக்காரனுக்கு நிலம் கிடைத்தது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டு இருந்த குடிகிடப்புக்காரன், கிராமப்புறமானால் பத்து சென்ட் வரை தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றான். லட்சக்கணக்கான ஏழைகள் அன்று தலை நிமிர்ந்தார்கள். அது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே சட்டம் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. தேயிலையைத் துண்டு போட்டால் தொழில் கெடும் என்று காரணம் சொன்னார்கள். தொழில் கெடவில்லை. தலைமுறைகளாகக் குடியிருந்த நாங்கள் மட்டும் அந்தப் பத்து சென்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டோம். செங்கொடி பிடித்த கை எங்களுடையதும்தான். தொழிற்சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டியதும் நாங்கள்தான்.

இன்னொரு சட்டம் 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம். தொழிலாளிக்குத் தோட்டமே வீடு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வெளியே என்பதுதான் அதன் நடைமுறை. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி கையில் வரும். அதனால் என்ன நடக்கிறது? வீட்டைத் தக்கவைக்க, படித்த பிள்ளையாவது மருமகளாவது தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் அண்ணன் பிளஸ் டூ முடித்துவிட்டு நின்றபோது அம்மா சொன்னாள்: "ஏலே, நீ பேரு குடுக்கலேன்னா நாம எங்கலே போவோம்?" அவனுக்கு வேறு கனவு இருந்தது. ஆனாலும் காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில் போய் நின்றான்.

அந்த 1951 சட்டத்தில் 1981-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். தோட்டம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதா? அடுத்த வரியையும் படியுங்கள். குடியிருப்பவரின் தவறாலோ இயற்கைப் பேரிடராலோ மட்டுமே வீடு விழுந்திருந்தால் அந்தப் பொறுப்பு இல்லை. பெட்டிமுடி சரிந்த இரவில் நடைமுறையில் இருந்த சட்டம் இது. ஓடையோரத்தில் லயத்தைக் கட்டியது மனிதன். கட்டிய இடத்திலேயே எங்களைக் குடிவைத்தது மனிதன். அந்த வருஷ மழைக்கு முந்தைய இரண்டு மழைக்காலத்திலும் கேரள மலைகளில் மண் சரிந்து ஆட்கள் செத்ததைப் பார்த்துவிட்டு, ஒரு லயத்தையும் இடம் மாற்றாமல் விட்டது மனிதன். பழி மட்டும் இயற்கைக்கு. இயற்கையைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். குட்டியாறு வாலியில் அரசு குடும்பத்துக்கு ஐந்து சென்ட் நிலம் கொடுத்தது, தோட்ட நிறுவனம் எட்டு வீடுகள் கட்டியது, 2021-இன் தொடக்கத்தில் சாவி கொடுத்தார்கள். எட்டுக் குடும்பத்துக்குச் சொந்த வீடு. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த வீட்டுக்குள் போக அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். பெண்டாட்டியை, பிள்ளையை, அண்ணன் தம்பியை மண்ணுக்குக் கொடுத்த பிறகுதான் ஐந்து சென்ட் கிடைத்தது. அதே மலையில், அதே மாதிரி ஓடையோரத்தில், அதே காலத்து லயங்களில் இன்றும் இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் இன்னும் சாகவில்லை, அதனால் தகுதி வரவில்லை.

இதைவிடக் கேவலமான திட்டம் உண்டா? செத்தால் பட்டா. உயிரோடு இருந்தால் லயம்.

மலைக்காரர்கள் மீண்டெழுவது எப்படி என்று கேட்கிறார்கள். எப்படி எழுந்தோம் என்று சொல்கிறேன். ராஜமலை மைதானத்தில் வரிசையாகக் குழி வெட்டிப் புதைத்தோம். இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே குழிகளில். ஒரு வாரம் போனது, கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போனோம். வயிறு இருக்கிறதே. குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் சேற்றில் போனவர்கள், தாங்கள் யார் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். வீட்டில் எல்லாரும் போய் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் வாரிசு என்பதற்கும் தாள் வேண்டும். உடல் கிடைக்காதவர்களின் குடும்பத்துக்கு இன்னும் மோசம். செத்தார் என்று காட்ட உடல் இல்லை. ஜூன் பிறந்து மழை கனத்துவிட்டால் எங்கள் பெண்கள் இன்றும் துணியையும் தாள்களையும் ஒரு பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறார்கள். ஓட வேண்டி வந்தால் ஓடுவதற்கு. எங்கே ஓடுவது என்று கேட்டால் பதில் இல்லை.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. 1924 ஜூலை வெள்ளத்தில் மூணாறே மூழ்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் டாப் ஸ்டேஷன் வரை ஓடிய ரயில் பாதை அடித்துக்கொண்டு போய், பிறகு போடப்படவே இல்லை. தேயிலை மட்டும் மறுபடி எழுந்தது. தொழிற்சாலைகளும் ரோடுகளும் பங்களாக்களும் எழுந்தன. எழுப்பியது எங்கள் பாட்டன்களும் பாட்டிகளும். அந்த ரயிலின் சக்கரம் நல்லதண்ணியில் தேயிலை மியூசியத்தில் இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அந்த வெள்ளத்தில் போன கூலிகளின் பெயர்ப் பட்டியலை நான் எங்கும் பார்த்ததில்லை.

கடலுக்கு அப்பாலும் எங்கள் ஜனம் இதே கதையில்தான் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்து என்று 2005-இலும் 2011-இலும் அந்த நாட்டின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டார்கள். போக நிலம் எங்கே கொடுத்தீர்கள்? தப்பியவர்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் தட்டி மறைப்புக்குள் காலம் தள்ளினார்கள். 75 வீடுகள் கைக்கு வந்தது 2016-இல். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோதும் லயத்தில் இருந்தவர்கள் முன்னால் அதே கேள்விதான் வந்து நின்றது: உன் பெயரில் நிலம் இருக்கிறதா?

வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போயின. அந்தச் சாவைப் பெட்டிமுடிக்காரர்களைவிட யார் அறிவார்கள்! நாடே அங்கே திரும்பிப் பார்த்தது. கல்பற்றாவில் எல்ஸ்டன் தோட்டத்து நிலத்தில் குடும்பத்துக்கு ஏழு சென்ட், ஆயிரம் சதுர அடி வீடு என்று நகரியம் எழும்புகிறது. நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் நிவாரணமாக அரசு போட்ட பணத்திலிருந்தே ஒரு வங்கி கடன் தவணையைப் பிடித்தது, ஊர் கொதித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. நகரியத்துக்கு எடுத்த தோட்டத்தின் தொழிலாளிகளோ, எங்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுத்துவிட்டு நிலத்தை எடுங்கள் என்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? புதைந்தவனுக்கு வீடு கொடுக்கும்போதும் உழைத்தவனுக்குப் பாக்கி வைக்கிற நாடா இது?

தமிழ்நாட்டுச் சகோதரர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. பெட்டிமுடியில் போனவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அன்று கயத்தாற்றுத் தெருக்களில் எழுந்த ஒப்பாரி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தேவிகுளம், பீர்மேடு எங்களுக்குச் சேர வேண்டிய தாலுகாக்கள், 1956-இல் இழந்துவிட்டோம் என்று மேடைதோறும் பேசுகிறீர்கள். மண்ணை இழந்த ஆதங்கம் இத்தனை வருஷம் ஆறவில்லை. அந்த மண்ணில் குனிந்து நிற்கிற மனிதர்களைப் பற்றி வருஷத்தில் எத்தனை நாள் பேசுகிறீர்கள்? கேரளத்தில் நாங்கள் பாண்டிக்காரர்கள், தமிழ்நாட்டில் நாங்கள் கேரளாக்காரர்கள். "சொந்த ஊருக்குப் போய்விட வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். ஐந்து தலைமுறைக்கு முன் ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் போடிமெட்டு வழியாக ஏறி வந்தவர்களின் வம்சம் நான். என் சொந்த ஊர் மூணாறு. வேறு ஊர் எனக்குத் தெரியாது.

எங்கள் பெண்களுக்குக் குரல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்தபோது சங்கத் தலைவர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். பெண்கள் ஒற்றுமை என்று சொல்லி ஒன்பது நாள் உட்கார்ந்து இருபது சதவீதத்தை வாங்கிக் காட்டினார்கள். அன்று நாள் சம்பளம் 232 ரூபாய். அதே பெண்கள்தான் பெட்டிமுடிக்குப் பிறகு "எங்களுக்கு நிலம் வேண்டும்" என்று கேட்டார்கள். போனஸுக்கு ஒன்பது நாள் போதுமாக இருந்தது. நிலத்துக்கு எத்தனை வருஷம் உட்கார வேண்டும்?

கேரள அரசே, தோட்ட முதலாளிகளே, சங்கத் தலைவர்களே, உங்களிடம் பிச்சை கேட்கவில்லை. மலையில் எந்தெந்த லயம் ஓடையோரத்திலும் சரிவின் அடியிலும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எங்கள் கிழவிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பட்டியலை எடுங்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான மேட்டில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், பெண்ணின் பெயரையும் சேர்த்துப் பட்டயம் எழுதிக் கொடுங்கள். ஓய்வு பெற்றாலும், வேலையை விட்டாலும், பிள்ளை வேறு வேலைக்குப் போனாலும் யாரும் வெளியேற்ற முடியாத வீடாக அது இருக்கட்டும். தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்த சட்டத்தில் குடியிருப்பு அளவுக்காவது கை வையுங்கள். பெட்டிமுடிக்கும் கோழிக்கோட்டுக்கும் வைத்த அந்த ஐந்து லட்ச வித்தியாசத்தை இப்போதாவது தீர்த்து வையுங்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் நாளைக் காலையும் டீ குடிப்பீர்கள், குடியுங்கள், அதில் எங்களுக்குச் சோறு இருக்கிறது. ஆனால் அடுத்த முறை மூணாறுக்கு வரும்போது பச்சைப் பசேல் என்ற செடியை மட்டும் படம் எடுத்துப் போகாதீர்கள். லயத்துக்கு வாருங்கள், எங்கள் அம்மாக்களிடம் இந்த வீடு யாருடையது என்று கேளுங்கள், அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் ஊர் எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் போய்ச் சொல்லி, ஏன் இப்படி என்று கேளுங்கள். ஜூன் மாதம் மழை வந்துவிடும். அதற்கு முன்னால் கேளுங்கள்.